கயிற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

கேதீஸ்வரன் எங்காவது சிரித்தால், அவன் யாரோடு சேர்ந்து சிரிக்கிறான் என்பது ஸைனுலாப்தீனுக்குத் தெரிந்தாக வேண்டும். பதினைந்து வருடமாக அந்தச் சிரிப்பு பெரும்பாலும் அவர் சொன்ன பகிடிக்குத்தான் எழும்பியது. ஊரடங்கு வந்த வருடத்தில்தான் முதல் தடவையாக அது கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. அவர் கரண்டியில் அள்ளிய சாந்தைச் சுவரில் அடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸைனுலாப்தீன் சாய்ந்தமருதுக்காரர், மேசன். சுனாமிக்குப் பிறகு கரையோரமெங்கும் வீட்டுத் திட்டங்கள் எழும்பிய காலத்தில் காரைதீவிலிருந்து கம்பி கட்ட வந்த கேதீஸ்வரனை அவர் முதன்முதலில் கண்டார். இருவரும் ஒரே வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். பிறகு அவர் போன வேலைக்கெல்லாம் கேதீஸ்வரனும் போனான். கல்முனையில் ஸஹீத் ஹாஜியார் கட்டடக் கம்பனி தொடங்கியபோது ஸைனுலாப்தீனைத் தலை மேசனாக்கினார். எல்லாரும் அவரை 'பாஸ்' என்றார்கள். யாருக்கு லீவு, யாருடைய வீட்டில் கலியாணம், யாருக்கு யாரோடு கோபம், எல்லாம் அவரிடம்தான் வரும். "ஆள் விசயமா? ஸைனுலிட்டக் கேளுங்க" என்பார் ஹாஜியார். சம்பளத்தை விட அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பெரிது.

ஊரடங்கு அறிவித்தபோது கம்பனி அறுகம்பேயில் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்து ஒரு கட்டடம், றோட்டைப் பார்த்து ஒரு கட்டடம், இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு நடைபாதை. வேலையாட்கள் இருபது பேருக்கு மேல் அங்கேயே தங்கியிருந்தார்கள். நிற்கிறவர்கள் வெளியே போகாமல் நிற்பதென்றால் சாப்பாடும் சம்பளமும் வரும், வீட்டையும் கம்பனி பார்க்கும் என்று ஹாஜியார் தொலைபேசியில் சொன்னார். அனுமதி கிடைத்ததும் வேலை தொடங்கலாம் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"ஆக்களப் பாதுகாக்கிற பொறுப்பு நஜீமுக்கு. அவன் சொல்றதக் கேளுங்க."

நஜீம் மருதமுனைப் பொடியன். முப்பது தாண்டியிருக்கும். கட்டாரில் பெரிய சைட்டுகளில் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் கம்பனியில் சேர்ந்தான். ஸைனுலாப்தீன் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாஸ்க்கும் சவர்க்காரமும் அவன் பார்க்கட்டும், ஆட்கள் என் ஆட்கள்தானே என்று இருந்தார்.

ஒரு காலையில் நஜீம் மீன்பிடிக்காரர்களிடம் வாங்கிய நீல நைலோன் கயிற்றை நடைபாதைக்குக் குறுக்கே, கிணற்றடிவரை இழுத்துக் கட்டினான். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. சமையல், குளியல், படுக்கை எல்லாம் வேறு வேறு.

"ரெண்டு பக்கமும் மூத்த ஆள் ஒராள் வேணும் காக்கா" என்றான் நஜீம். மூத்தவர்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான். "றோட்டுப் பக்கம் நீங்க. கடல் பக்கம் கேதீஸண்ணன், அவரோட நானும் இரிக்கன். ஒரு பக்கம் ஆருக்கும் காய்ச்சல் வந்தா அந்தப் பக்கம் மட்டும் முடங்கும். மத்தப் பக்கம் தப்பும்."

"கேதீஸ் என்னோட நிக்கட்டும். உனக்கு வேற ஆளத் தாறன்."

"வேற ஆர் இரிக்காங்க? நீங்களே சொல்லுங்களன்."

ஸைனுலாப்தீன் யோசித்தார். யாரும் இல்லை. நஜீம் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. பிழையாகச் சொல்லியிருந்தால் சத்தம் போட்டிருக்கலாம். கேதீஸ்வரன் தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாறன் பாஸ், வெளிநாட்டுக்கு" என்று சொல்லிக் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனான். எல்லாரும் சிரித்தார்கள். ஸைனுலாப்தீனும் சிரித்தார், ஆனால் மற்றவர்களுக்குப் பிறகு.

நஜீம் ஒவ்வொரு நாளும் காலையில் இரு பக்கத்தையும் கயிற்றுக்குத் தள்ளித் தள்ளி நிற்க வைப்பான். பாடம் எடுக்க மாட்டான். "உடம்புக்கு எப்பிடி, ஊட்டுக்கு எப்பிடி?" இவ்வளவுதான் கேள்வி. கடல் பக்கத்தில் ஒவ்வொருவரும் தானே சொல்லுவார்கள். ஒருவனுக்கு மகள் கோபம், ஒருவனுக்குப் பல் வலி. யாருடைய வீட்டில் பிரச்சினையோ அவனுக்கு அன்று மாலை தொலைபேசியில் கதைக்க நேரம் அதிகம். இரவுச் சாப்பாடு என்ன என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் தீர்மானிக்க வேண்டும். வேலை முடிந்ததும் டேப் சுற்றிய பந்தில் கிரிக்கெட். பந்து கயிற்றைத் தாண்டினால் அவுட். கேதீஸ்வரன் நடுவர்.

றோட்டுப் பக்கத்துக்கு ஸைனுலாப்தீன் ஒருவரே பதில் சொல்லிவிடுவார். "எங்கட பக்கம் எல்லாரும் சுகம்!" ஒரே கத்தல். தன் ஆட்களைத் தனக்குத் தெரியாதா, ஒவ்வொருவனாய் வாயைத் திறக்க வைப்பது என்ன பள்ளிக்கூடமா என்பது அவர் எண்ணம்.

ஒரு மாலை மனைவி கைருன்னிஸா தொலைபேசியில் வந்தாள்.

"இஞ்சாருங்க, அந்த நஜீம் தம்பி கோல் எடுத்திச்சி. பால்மா இரிக்கா, மருந்து முடிஞ்சிட்டா எண்டெல்லாம் கேட்டிச்சி. அது கேட்டாப் பிறகுதான் என்ட பிறஷர் குளிச முடிஞ்சது ஞாபகம் வந்த. சாமான் லொறியில அதையும் அனுப்பியிரிக்கி. என்ன குணமான புள்ள!"

"நானும்தானே ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறன்."

"நீங்க எடுத்து என்னத்தக் கேக்கிற? சோறு திண்டயா எண்டு. திண்டன் எண்டு சொன்னா வைக்கிற."

அவர் வைத்துவிட்டார். தன் வீட்டுக்குள்ளும் அவன் வந்துவிட்டான் என்று தோன்றியது. கைருன்னிஸாவின் குரலில் இருந்த நிம்மதி அவருக்கு நிம்மதி தரவில்லை.

பிறகு நோன்பு வந்தது. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்ததால் பள்ளிக் கஞ்சி இல்லை. இரு பக்கமும் தனித்தனியாகக் கஞ்சி காய்ச்சினார்கள். கடல் பக்கத்தில் கேதீஸ்வரன் தானாக அகப்பையை எடுத்துக்கொண்டான். நோன்பாளிகள் உப்புப் பார்க்க முடியாது, நான் பார்ப்பேன் என்றான். ரம்பை இலையும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மணம் அஸர் தொழுகை கழிந்ததும் கயிற்றைத் தாண்டி வரும். பதினைந்து வருட நோன்பிலும் அவன் ஸைனுலாப்தீனோடு குந்தியிருந்து, பாங்கு சொல்லும்வரை தானும் குடிக்காமல் காத்திருந்து குடித்தவன். இப்போது அவன் கிண்டும் கஞ்சியை நஜீம் குடிக்கிறான்.

றோட்டுப் பக்கக் கஞ்சி தண்ணீராய் இருந்தது. அதைச் சொல்லிக்காட்ட நிதர்சன் இருந்தான். வீரமுனைக்காரன், தரைக்கு ஓடு பதிப்பவன், வாய் சும்மா இருக்காது.

"பாஸ், இந்தக் கஞ்சியால கை கழுவலாம் போல. அங்கால கேதீஸண்ணன் இறைச்சியும் போட்டிருக்காராம். எனக்கு நோன்பும் இல்ல, பேசாம அந்தப் பக்கம் மாறிரவா?"

"போ! போய் அந்த நஜீம்ட காலடியில கிட!"

நிதர்சன் பகிடிக்குத்தான் சொன்னான். ஸைனுலாப்தீன் கத்தியது பகிடி இல்லை என்று தெரிந்ததும் அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனான். அன்றிரவு றோட்டுப் பக்கத்தில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. தன் ஆட்கள் தன் முன்னால் வாயடைத்து இருப்பதை அவர் முதல் தடவையாகக் கண்டார்.

அடுத்த நாள் மைத்துனன் நிஸாமுக்குத் தொலைபேசி எடுத்தார். நிஸாம் கைருன்னிஸாவின் தம்பி. லொறிக்காரன். அத்தியாவசியப் பொருட்கள் ஏற்ற அனுமதி இருந்ததால் தம்புள்ளையிலிருந்து பொத்துவிலுக்கு மரக்கறி கொண்டு வருவான்.

"என்ட பக்கத்து ஆக்களுக்கு ஏதாச்சும் நல்லதாக் கொண்டு வா மச்சான். வாசலால வேணாம். வாசல்ல நஜீம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ரெண்டு பக்கத்துக்கும் பிரிச்சிருவான். பின்னால தென்னந்தோட்டத்துக்கு வா."

எல்லாரும் கிரிக்கெட்டில் இருந்த நேரத்தில் அவர் பின்வேலி இடைவெளியால் இறங்கினார். வெயில் கொளுத்தியது. நிஸாம் லொறிக்குள் ஏறி இருக்கச் சொன்னான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்க்காற்றைப் போட்டு, இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள். உண்மையில் ஸைனுலாப்தீன்தான் கதைத்தார், முழுக்க நஜீமைப் பற்றி. நிஸாமின் மாஸ்க் நாடிக்குக் கீழே கிடந்தது. இரண்டு மூன்று தரம் இருமினான்.

"தம்புள்ளயில ஒரே வெங்காயத் தூசி மச்சான்."

உள்ளே சிவந்து நீர் சொட்டும் வத்தகப்பழங்களும் மாட்டிறைச்சியும் வந்தன. அன்று நோன்பு திறந்ததும் றோட்டுப் பக்கம் சத்தத்தால் அதிர்ந்தது. நிதர்சன் சிவப்புத் துண்டு ஒன்றை உயர்த்திப் பிடித்துக் கயிற்றடியில் நின்று கத்தினான்.

"கடல் பக்கத்தாரே! உங்கட பக்கம் உப்புத் தண்ணிதானே! இஞ்ச வத்தகப்பழம்!"

"எங்கால பாஸ் வத்தகப்பழம் வந்த?" கேதீஸ்வரனின் குரல்.

"அல்லாஹ் தந்தான்!" என்றார் ஸைனுலாப்தீன்.

அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

அந்தக் கிழமையே நடைபாதைக்குத் தரை போட வேண்டி வந்தது. இரு கட்டடத் தரைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. மட்டம் ஒரு விரல் பிசகினாலும் மழைத்தண்ணீர் அறைக்குள் ஏறும். நஜீம் கட்டாரிலிருந்து கொண்டு வந்த லேசர் கருவியின் பற்றறி முடிந்திருந்தது. ஊரடங்கில் அந்தப் பற்றறி எங்கும் இல்லை. தண்ணி லெவல்தான் வழி. கண்ணாடி போன்ற நீளக் குழாய் அது. ஒரு முனையை வாளித் தண்ணீரில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சி நிரப்புவார்கள். இரு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தில் சுவரில் கோடு போடுவார்கள். இடையில் காற்றுக் குமிழ் நின்றால் மட்டம் பொய் சொல்லும், மறுபடி உறிஞ்ச வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் போய்விடும் என்பதால் நோன்பு மாதத்தில் அந்த வேலையை எப்போதும் கேதீஸ்வரன்தான் செய்வான்.

லெவல் குழாய் ஸைனுலாப்தீனுடையது. நஜீம் அதை முந்தின நாளே வாங்கிக் கழுவி, முனைகளில் டேப் சுற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"சிவப்பு முனை எங்கட பக்கம், கறுப்பு முனை உங்கட பக்கம் காக்கா. ஒராள் வாய் வச்சதுல மத்தாள் வைக்கக் கூடா. மாறிரப் படா."

"என்ட சாமானுக்கு நீ பொட்டு வைக்கிறயா?" என்று அவர் கேட்கவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவன் போனதும் இரண்டு டேப்பையும் உரித்து எறிந்தார். நோன்பு திறந்த பிறகு, கேதீஸ் இல்லாவிட்டால் என்ன, நானே நிரப்புகிறேன் என்று தானே வாய் வைத்து உறிஞ்சி நிரப்பினார். இரு முனையையும் மடித்துக் கட்டி, குழாயை ஆணியில் தொங்கவிட்டார்.

காலையில் சீமெந்து லொறி வந்ததால் நஜீம் வாசலுக்குப் போய்விட்டான். ஸைனுலாப்தீன் கைக்கு வந்த முனையைக் கயிற்றுக்கு மேலால் எறிந்தார். கேதீஸ்வரன் அதை ஏந்தினான். இருவரும் தூக்கிப் பிடித்தார்கள். எத்தனையோ வீடுகளுக்குச் செய்த வேலை, வார்த்தையே தேவைப்படவில்லை.

"பாஸ், காத்து நிக்குது" என்றான் கேதீஸ்வரன். சொன்ன கையோடு பழக்கத்தில் முனையை வாயில் வைத்தான்.

ஸைனுலாப்தீன் தன் கையிலிருந்த முனையைப் பார்த்தார். அதில் டேப் ஒட்டியிருந்த பிசின் மட்டும்தான் இருந்தது. இரவு தான் வாய் வைத்தது இதிலா அதிலா என்று அவருக்குத் தெரியவில்லை. "டேய், நில்" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கேதீஸ்வரன் கன்னத்தைக் குழித்து உறிஞ்சி, தண்ணீரைப் பக்கத்தில் துப்பி, கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு நஜீமுக்கானதல்ல. அவர் நாக்கு அடங்கியது.

அன்று அஸர் நேரம் அவருக்கு உடம்பு உளைந்தது. தொண்டை கீறியது. நோன்புக் களைப்பு என்று நினைத்தார்.

மாலையில் கடல் பக்கத்தில் ஒரு பெரிய ஆரவாரம். கைதட்டல். பிறகுதான் கேதீஸ்வரன் கயிற்றடிக்கு ஓடி வந்தான்.

"பாஸ்! பேரன்! யதுசாக்கு ஆம்பிளப் புள்ள!"

யதுசா அவனுடைய ஒரே மகள். சின்னப் பிள்ளையாய் சைட்டுக்கு வந்து ஸைனுலாப்தீனின் மட்டப் பலகையில் ஏறி விளையாடியவள்.

"நாளைக்குக் காலம லொறியில போறன். நஜீம்தான் ஹாஜியார்ட்டக் கதைச்சி லீவு எடுத்துத் தந்தான். ரெண்டு கிழம ஊட்ட நிண்டிட்டு வரச் சொல்லியிருக்கான்."

"நல்லம்" என்றார். அவனுக்கு லீவு கொடுப்பவர் இனி அவரல்ல. அந்தச் செய்தியைக் கேட்பதிலும் அவர் இரண்டாவதுதான்.

நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் கைருன்னிஸா தொலைபேசியில் அழுதுகொண்டு வந்தாள். தம்புள்ளையில் நிஸாம் சாமான் ஏற்றும் கடையில் ஒருவருக்குக் கொரோனாவாம். நிஸாமைத் தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம்.

"நீங்க அவனக் காணல்லதானே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

அந்த நோன்பு முழுக்க ஊரை உலுக்கிய பயம் ஒன்று இருந்தது. இந்த நோயில் மௌத்தானவர்களின் ஜனாஸாவை, முஸ்லிம்களின் உடலாக இருந்தாலும் அடக்க விடாமல், எரிக்கிறார்கள். காய்ச்சல் வந்தவர்கள் அதனாலேயே வாய் திறக்கப் பயந்தார்கள். ஸைனுலாப்தீனுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கீழான ஒன்றும் அவரை அரித்தது. சொன்னால், கயிறு கட்டியவன் சொன்னதெல்லாம் சரி என்றாகும். வேலியால் இறங்கியது தெரியும். டேப்பை உரித்தது தெரியும். றோட்டுப் பக்கமும் நஜீமின் கைக்குப் போகும். சொல்லாவிட்டால், கேதீஸ்வரன் காலையில் லொறியில் ஏறி, பிறந்து ஒரு நாளான பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டு போவான். அவன் பிள்ளைகளை முகர்ந்து பார்ப்பவன்.

காலையில் லொறி இயந்திரம் ஓடியபடி நின்றது. கேதீஸ்வரன் வெள்ளைச் சட்டை போட்டுப் பையோடு நின்றான். நஜீம் வழமை போலக் கேட்டான்.

"றோட்டுப் பக்கம்?"

ஸைனுலாப்தீன் கத்தவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒராளுக்குக் காய்ச்சல்."

"ஆருக்கு காக்கா?"

"எனக்கு. கேதீஸ் போகக் கூடா."

பிறகு கடல் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேதீஸ்வரன் பையைக் கீழே வைத்தான்.

"பாஸ், உங்களுக்குக் காய்ச்சல் எண்டா நான் ஏன் போகக் கூடா? நான் இந்தப் பக்கமெல்லோ? நஜீம் லீவு தந்ததுக்குத்தானே இந்தக் காய்ச்சல்? நீங்க தந்திருந்தா வந்திருக்குமா?"

இப்போது றோட்டுப் பக்கமும் சிரித்தது. அவருடைய பொறாமை இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது என்பதை ஸைனுலாப்தீன் அப்போதுதான் அறிந்தார். நிதர்சன்கூட முகத்தைத் திருப்பிச் சிரித்தான்.

"வத்தகப்பழம் நிஸாம் கொண்டு வந்த" என்றார். "நான் வேலியால போய், அவன்ட லொறிக்குள்ள இருந்து கதைச்சன். அவன் இருமினான். நேத்து அவன முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. லெவல்ல நஜீம் சுத்தின டேப்ப நான்தான் உரிச்ச. முந்தநாள் ராவு நான் வாய் வச்ச முனைதான் நேத்து நீ வச்சதா இரிக்கும் கேதீஸ். எனக்குச் சரியாத் தெரியா."

யாரும் சிரிக்கவில்லை. கேதீஸ்வரனின் கை தானாக உதட்டுக்குப் போய், தொடாமல் பாதியில் நின்றது.

நஜீம் முதலில் லொறிக்காரனிடம் போய் அவனை அனுப்பிவிட்டான். வந்து, ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே நிற்கும்படி சொன்னான். சத்தம் போடவில்லை. "போறதுக்கு முந்திச் சொன்னீங்க காக்கா" என்றான், அவ்வளவுதான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஸைனுலாப்தீனுக்குப் பட்டது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். எல்லாருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். இரு பக்கமும் இரண்டு கிழமை மூடப்பட்டன. ஸைனுலாப்தீனைச் சீமெந்து ஸ்டோரில் தனியாக விட்டார்கள். அதன் ஒரே ஜன்னல் கடல் பக்கத்தைப் பார்த்தது. அதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தேவைப்படவில்லை. றோட்டுப் பக்கத்தையும் இப்போது நஜீம்தான் பார்த்தான். அங்கும் ஒவ்வொருவனாய் வாயைத் திறந்து, உடம்புக்கு எப்படி, வீட்டுக்கு எப்படி என்று சொன்னார்கள். நிதர்சனின் தாய்க்குச் சலரோகம் என்பதை அவர் அந்த ஜன்னலால்தான் கேட்டு அறிந்தார். மூன்று வருடமாக அவரோடு வேலை செய்தவன் அவன்.

சில நாளில் முடிவு வந்தது. ஒருவருக்கும் இல்லை. நிஸாமுக்கும் இல்லை. ஸைனுலாப்தீனுக்கு வந்தது வெறும் தடிமன் காய்ச்சல். ஆனாலும் இரண்டு கிழமை முடியாமல் யாரும் வெளியே போக முடியாது.

"பாஸ்ட காய்ச்சலுக்குப் பேர் தெரியுமா?" நிதர்சன் உரக்கச் சொல்வது கேட்டது. "கோவிட்டு இல்ல. நஜீமிட்டு!"

இரு பக்கமும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஜன்னலுக்குள் அவருக்கும் ஒரு பக்கத்து உதடு அசைந்தது. கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. அவன் தொலைபேசியில் பேரனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு மணலில் இருந்தான்.

அன்று மாலை அவன் ஜன்னலிலிருந்து தள்ளி வந்து நின்றான். அவர் உண்மையைச் சொன்னது தொடங்கி அவரோடு ஒரு வார்த்தை கதைக்காதவன்.

"ஒண்டு கேக்கிறன். நான் அத வாயில வைக்கக்குள்ள நீங்க பாத்துக்கொண்டுதானே நிண்ட?"

"ஓம்."

"ஏன் கத்தல்ல?"

பொய் சொல்லலாம் என்று இருந்தது. தொண்டை நோவு, குரல் வரவில்லை என்று சொல்லலாம்.

"நீ திரும்ப என்ட லெவலப் புடிச்சது எனக்குச் சந்தோசமா இருந்திச்சி" என்றார். "அதான்."

கேதீஸ்வரன் அவரை வெறித்துப் பார்த்தான். "உங்களுக்கு விசர், பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெருநாள் ஸ்டோருக்குள்தான் கழிந்தது. தனியே தொழுதார். கடல் பக்கத்தில் வட்டிலாப்பம் அவித்து, ஒரு துண்டை நஜீம் ஸ்டோர் வாசலில் வைத்துவிட்டு "ஈத் முபாரக் காக்கா" என்று சொல்லிப் போனான். கைருன்னிஸா தொலைபேசியில் ஏசினாள், அழுதாள், கடைசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர், உன் பிறஷர் குளிசை இருக்கா என்று கேட்டார். அவள் எழும்பிப் போய், மிச்சக் குளிசைகளை எண்ணிவிட்டு வந்து சொன்னாள்.

பிறகு ஸஹீத் ஹாஜியார் தொலைபேசி எடுத்தார்.

"ஸைனுல், உன்ன மாத்தத்தான் இருந்தன். அந்த நஜீம்தான் விடல்ல. சொன்னவனத் தண்டிச்சா இனி ஒருத்தனும் சொல்ல மாட்டான், மறுகா நோயும் தெரியாது விழுந்த ஆளும் தெரியாது எண்டு என்னோட தர்க்கம். நீ தலை மேசனாவே நில்லு. ஆனா ஆள் விசயம் இனி அவன்தான்."

"சரி ஹாஜியார்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சீமெந்து மூடைமேல் இருந்தார். தன் பதவியையும் அவன் கையாலேயே வாங்க வேண்டி வந்துவிட்டது. நஜீமை வெறுக்க அவருக்கு இனி ஒரு காரணமும் மிச்சமில்லை. அது பெரிய கஷ்டமாக இருந்தது. காரணம் இல்லாமலே எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு கிழமை முடிந்த காலையில் நஜீம் கயிற்றை அவிழ்த்தான். ஆட்கள் இரு பக்கமும் கலந்து, ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். லொறி வந்து நின்றது. கேதீஸ்வரன் அதே வெள்ளைச் சட்டையோடு வந்தான். ஸைனுலாப்தீன் ஸ்டோர் வாசலில் நின்றார். வருவானா, நேரே லொறிக்குப் போவானா என்று தெரியவில்லை.

அவன் வந்தான். பையைக் கீழே வைக்கவில்லை.

"லீவு முடிஞ்சி வந்து நான் நஜீமோடதான் வேல செய்யப்போறன் பாஸ். கடல் பக்க மேல்தட்டுக் கம்பி பாதியில கிடக்கு. அவனுக்கும் சொல்லிட்டன். நீங்க மறுகா ஆரோ சொல்லிக் கேள்விப்படாம நானே சொல்லுறன்."

"ஓம்" என்றார் ஸைனுலாப்தீன். எதையாவது உரித்து எறிய வேண்டும் போல் கை துருதுருத்தது. அவர் கைகளைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார்.

"புள்ளைய முகந்து பாக்காத. ரெண்டு நாளைக்குத் தள்ளி நிண்டு பாரு" என்றார்.

"அதான் இல்ல எண்டு வந்திட்டே."

"எண்டாலும் பாரு."

கேதீஸ்வரன் லொறிப் பக்கம் நாலடி நடந்துவிட்டுத் திரும்பினான்.

"பேரன்ட முப்பத்தொண்டாம் நாள் காரைதீவுக்கு வாங்க, பேர் வைக்கிறம். கன பேர் வரக் கூடாதாம், நெருங்கின ஆக்கள்தான். யதுசா உங்களக் கட்டாயம் வரச் சொன்னவள். நஜீமும் வாறான்."

"அவன் என்னத்துக்கு?"

வாயிலிருந்து அது விழுந்த பிறகுதான் ஸைனுலாப்தீனுக்கே கேட்டது. கேதீஸ்வரன் அவரைப் பார்த்தான். இரண்டு கிழமையாகச் சிரிக்காதவன், பையைத் தோளிலிருந்து நழுவவிட்டு, லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கடல் பக்கத்திலிருந்து நஜீம் எட்டிப் பார்த்து, "என்ன பகிடி கேதீஸண்ண?" என்று கேட்டான்.

"உனக்கு இல்ல" என்றார் ஸைனுலாப்தீன்.